கோட்டைத் தாண்டி நின்ற பந்து

பாரைத்துறைக்கும் மணல்முனைக்கும் நடுவே கிடப்பது ஆறு கடலில் சேருகிற ஒரு பொழிமுகம் மட்டும்தான். கோடையில் மணல் மூடிக்கொண்டால் முழங்கால் நனையாமல் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு நடந்து போய்விடலாம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு, கடலில் மடிவலை கிழிந்தால் ஒருவருக்கொருவர் கயிறு எறிவதும் உண்டு, ஆனால் பந்து என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பொழி ஏழுகடல் அகலத்துக்கு விரிந்துவிடும், அண்ணன் தங்கை வீட்டுக்குப் போகமாட்டான், மாமியார் மருமகனுக்குச் சோறு போடமாட்டாள்.

பாரைத்துறையில் பந்தைப் பற்றிப் பேச மெற்றில்டாவை விட்டால் ஆள் கிடையாது. கூடையில் மீன் சுமந்து மலையோரச் சந்தைகளில் விற்றுவிட்டு வருகிறவள், புருஷன் ஆழ்கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்பாதவன். தாயில்லாத தம்பி கில்டஸை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அந்தக் கில்டஸ் புனித அந்திரேயா கழகத்தின் முன்னணி ஆட்டக்காரனாக ஆனது முதல் கிழக்குக் கோல்போஸ்டுக்குப் பின்னால் வலையை ஒட்டிய இடம் அவளுடையதாக ஆனது. ரெஃப்ரிமார் அந்தப் பக்கம் வரும்போது காதைச் சற்று மடக்கிக்கொண்டு வருவார்கள் என்று ஊரில் பேச்சு.

அந்த ஆண்டு அந்திரேயா திருநாள் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நடந்தது இதுதான். ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை, கில்டஸ் இடது காலால் அடித்த பந்து மணல்முனை கோலி ரெக்சனின் விரல் நுனியைத் தாண்டி, கிழக்குப் போஸ்டின் மேல்கம்பத்துக்கு அடியில் புகுந்து, கோட்டையும் தாண்டியது. ரெக்சன் திரும்பிப் பாய்ந்து அதில் கையை வைத்தான். ரெஃப்ரி கையை ஆட்டி, கோல் இல்லை, பந்து கோட்டைத் தாண்டவில்லை, ஆட்டம் நடக்கட்டும் என்றார். ஆட்டம் நடக்கவில்லை, ஏனென்றால் பந்து கீழே வரவில்லை. கோட்டுக்கு உள்ளே, நெஞ்சளவு உயரத்தில், தான் இருந்த இடத்திலேயே அது நின்றுவிட்டது.

ரெஃப்ரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு வேறு பந்து கேட்டார். வேறு பந்தும் வந்தது. மீதி நேரத்தில் மணல்முனை ஒரு கோல் போட்டுக் கோப்பையையும் கொண்டுபோயிற்று.

மறுநாளே ஊர் கூடி அந்தப் பந்தை இழுத்துப் பார்த்தது. வாலிபர்கள் அதைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார்கள், பந்து தாங்கிக்கொண்டது. வடம் கட்டி வள்ளத்து எஞ்சினால் இழுத்தார்கள், வடம் அறுந்தது. பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் சொட்டுச் சொட்டாகக் கீழே வடிந்தது, பந்து நின்றது. ஆயர் இல்லத்தில் போய்க் கேட்டதற்கு, கால்பந்து விஷயத்தில் திருச்சபைக்குத் தனிக் கருத்து ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு ஊர் இழுப்பதை நிறுத்தியது. இழுத்துப் போட்டுவிட்டால் சாட்சி போய்விடுமே என்று முதலில் சொன்னவள் மெற்றில்டாதான்.

"கிடக்கட்டும் விடுங்கடே. நம்ம கோலு அங்க நிக்குது. எவன் கேட்டாலும் கூட்டிட்டு வந்து காட்டலாம்."

அப்படித்தான் அது ஊரோடு ஊராகப் பழகிப்போயிற்று. காக்கைகள் அதன்மேல் உட்கார்ந்து கருவாட்டைக் காவல் பார்த்தன. கல்யாண மாப்பிள்ளைகள் பெண்ணை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கோலிகள் அதற்குக் கீழே குனிந்து பாயக் கற்றுக்கொண்டார்கள். ஆனி ஆடி மழையில் நனைந்தாலும் அது ஊறவில்லை, மாசி வெயிலில் காய்ந்தாலும் வெளுக்கவில்லை. பேருந்து நடத்துநர்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, "பந்து நிக்குத இடம் எல்லாம் இறங்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் மெற்றில்டா அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கோட்டுக்கு நேரே நிறுத்துவாள்.

"கையை விட்டுப் பாரும் ஓய். கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில கையை விட்டுப் பாரும்."

விட்டுப் பார்ப்பார்கள். கை தாராளமாகப் போகும். சிலருக்கு வளையலோடு போகும்.

"இப்பச் சொல்லும். கோலா, இல்லியா?"

"கோலுதான் தாயே."

"அவ்வளவுதான். போயி நாலு பேருகிட்ட சொல்லும்."

சாயங்காலமானால் கோல்போஸ்டுக்குப் பின்னால் வழக்கு கூடும். சாயாக்கடை ததேயு கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். அவர் சிறுவயதில் பாரைத்துறைக்காக விங்கில் ஓடியவர், இப்போது ஓடுவது நாக்கு மட்டும். மணல்முனைக் கழகத்தைப் பணம் கொடுத்து வளர்க்கிற ஐஸ் ஃபாக்டரி முதலாளி பெர்க்மான்ஸைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும்.

"ஃபுட்பால் அசோசியேசன் தலைவரு ஆரு? பெர்க்மான்ஸுக்க பெண்டாட்டிக்க அண்ணன். பொறவு எப்படி நமக்கு நியாயம் கிடைக்கும்?" என்பார் ததேயு.

"ரெஃப்ரி அண்ணைக்கு மத்தியானம் எங்க சாப்பிட்டாரு? அதைச் சொல்லும்," என்பாள் மெற்றில்டா. "பெர்க்மான்ஸுக்க வீட்டில. நெய்மீன் பொரிச்சு வச்சிருக்காவ. முள்ளு எடுத்துக் குடுத்தாவளாம். நெய்மீன் தின்ன கண்ணுக்குக் கோடு தெரியுமா?"

"ஐஸ் வித்தா இவ்வளவு பணம் வரும்? வெளியூரு ஆட்டக்காரன் எத்தன பேரை இறக்கியிருக்கான்! எல்லாவனுக்கும் புது பூட்டு."

"ஐஸு இல்ல ஓய். தண்ணி. நம்ம மீனுக்குத் தண்ணியை உறைய வச்சு வித்து நம்ம பணத்திலயே நம்மளைத் தோக்கடிக்கான்."

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு உப்பு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பெர்க்மான்ஸ் ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போனார். அவருடைய ஐஸ் ஃபாக்டரி வளர்ந்துகொண்டே போனது. நெய்மீன் மூன்று மாதத்தில் சுறாவாகிவிட்டது. பாரைத்துறைக்காரர்களோ நிமிர்ந்துகொண்டே போனார்கள். கோப்பையை ஜெயித்த ஊர் எங்கும் உண்டு, ஆகாசமே சாட்சி நிற்கிற ஊர் எங்கே உண்டு? சந்தையில் மெற்றில்டாவின் கூடைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் மீன் விலையைக் கேட்குமுன் பந்தைக் கேட்டார்கள். அவளும் மீன் முகம் வாடுகிறவரை சொல்லுவாள்.

மணல்முனையிலும் சும்மா இருக்கவில்லை. காற்று, கண்கட்டு, பாரைத்துறைக்காரன் தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் என்று அங்கே வேறு வேறு பேச்சு. ஒரு நாள் பெர்க்மான்ஸே வெள்ளை வேட்டியோடு வந்தார். பந்தைச் சுற்றி, மேலே, கீழே, கையை வீசி நரம்பைத் தேடினார். ஊர் அவர் தேடி முடிக்கிறவரை வேடிக்கை பார்த்தது.

"கிடைச்சுதா முதலாளி?" என்று கேட்டாள் மெற்றில்டா.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "நரம்பு இருக்கோ இல்லியோ, அசோசியேசன் சொன்னதுதான் முடிவு. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. இந்தப் போஸ்டைப் பிடுங்கிட்டு மைதானத்தை வடக்கே தள்ளுங்க. சுத்துச்சுவரு, உட்காருததுக்குப் படிக்கட்டு, விளக்கு, எல்லாம் என் செலவில கட்டித் தாறேன்."

ஊர்க்கமிட்டிக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படிக்கட்டு என்றால் சின்ன விஷயமா? மழையில் நின்று பார்க்கிற ஊர் அது. ஆனால் முதலில் ததேயு சிரித்தார், பிறகு வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு மைதானமே சிரித்தது. முதலாளி பொழியைக் கடந்து போகிறவரை அந்தச் சிரிப்பு அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. மணலில் உட்கார்ந்தே பார்ப்போம், ஆனால் தலை நிமிர்ந்து பார்ப்போம் என்று அன்றைக்கு ஊர் முடிவு செய்தது. மெற்றில்டாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

மறு ஆண்டு திருநாள் வந்தது. இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே இரண்டு ஊர். கில்டஸுக்கு இதுதான் கடைசி ஆட்டம். முழங்கால் வலியில் பேச ஆரம்பித்துவிட்டது, திருநாள் கொடி இறங்கினால் அவன் மச்சானோடு ஆழ்கடல் விசைப்படகில் ஏற வேண்டும், அதில் ஏறியவன் திருநாளுக்குத் திரும்புவது அவன் கையில் இல்லை. ஒரு தடவையாவது அந்த வெள்ளிக் கோப்பையை அவன் தலைக்குமேல் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று மெற்றில்டா மாதாவுக்கு நேர்ந்திருந்தாள்.

ரெஃப்ரி இந்தத் தடவை புதியவர், தூத்துக்குடிப் பக்கத்து இளவட்டம். ஊர்க்கமிட்டி அவருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யச் சொன்னபோது மெற்றில்டா தானே முன்வந்தாள். காலையிலேயே ஏலத்தில் நின்று நல்ல நெய்மீனாகப் பார்த்து எடுத்து, மசாலா தடவி ஊறவைத்து, தேங்காயெண்ணெயில் பொரித்து, முள் இல்லாத நடுத்துண்டாகப் பார்த்து இலையில் வைத்தாள்.

"இன்னொண்ணு வையட்டா தம்பி?"

"போதும்க்கா. ஓட முடியாது."

"நல்லா ஓடுவீரு. தின்னும்."

அதில் அவளுக்கு ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. விருந்தாளிக்குச் சோறு போடுவது ஊர் வழக்கம்.

ஆட்டம் கடல் போல இருந்தது, ஒரு நேரம் இந்தப் பக்கம் ஏறும், ஒரு நேரம் அந்தப் பக்கம் ஏறும். தொங்குகிற பந்தில் ஆடுகிற பந்து பட்டால் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும் என்று இரண்டு ஊரும் பேசிவைத்திருந்தன. அதற்கு அவசியமே வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு அந்தக் கிழக்குப் போஸ்ட் பாரைத்துறையின் பக்கம் ஆனது. மணல்முனைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரமாக வந்த பந்தை அவர்களுடைய ஒரு பையன் கூட்டத்துக்கு நடுவே எழும்பித் தலையால் முட்ட, அது மேல்கம்பத்தின் அடியில் பட்டுக் கீழே இறங்கி, கோட்டைத் தாண்டியது.

ரெஃப்ரிக்கும் பந்துக்கும் நடுவே ஆள் கூட்டம். அவர் கொடிக்காரரைப் பார்த்தார், கொடி எழவில்லை. கோல்போஸ்டுக்குப் பின்னால் மலை போல நின்ற பாரைத்துறையைப் பார்த்தார். கையை ஆட்டினார். கோல் இல்லை.

அந்தப் பந்தும் கீழே வரவில்லை. முதல் பந்துக்குப் பக்கத்தில், ஒரு கொப்பில் இரண்டாவது காய் போல, அது நின்றது.

பாரைத்துறை தன் கண்ணால் கண்டதை நம்ப மறுத்தது. இத்தனை நாளும் அந்த ஊர் நினைத்திருந்தது ஆகாசம் தன் பக்கம் என்று. அந்திரேயா தன் ஊர்க்காரர் என்று. இப்போது அதே ஆகாசம் மணல்முனைக்கும் ஒன்று மாட்டிவைத்திருக்கிறது.

முதலில் வாய் திறந்தவர் ததேயு. "நரம்பு! தூண்டில் நரம்பு கட்டியிருக்கான்! சோதிச்சுப் பாருங்க!"

"காத்துடே, காத்து நிறுத்தியிருக்கு," என்றான் ஒருவன்.

"ரெஃப்ரி சொன்னதுதான் முடிவு!" என்று கமிட்டிக்காரர் கத்தினார்.

மெற்றில்டாவின் காதில் இந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் ஏற்கெனவே கேட்ட வார்த்தைகள். அந்தக் கரையில் முளைத்தவை. இப்போது இந்தக் கரையில், தன் ஆட்களின் வாயிலிருந்து, மாற்றுக் குறையாமல் வருகின்றன. எதிர்ப்பக்கமிருந்து பெர்க்மான்ஸ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வாயிலிருந்து வந்ததோ அவளுடைய வார்த்தை.

"கையை விட்டுப் பாருங்கடே! கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில கையை விட்டுப் பாருங்க!"

யாரும் விடவில்லை. ரெஃப்ரியின் முகத்தில் வியர்வை. பாரைத்துறை வாலிபர்கள் அவரைச் சுற்றி நின்று, சரி, சரி, விசில் ஊதும், ஆட்டத்தைத் தொடங்கும் என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டா வலையைச் சுற்றிக்கொண்டு கோல்போஸ்டுக்குள் வந்தாள். கில்டஸ் ஓடிவந்து வழி மறித்தான்.

"எக்கா, வேண்டாம். ஒண்ணும் பேசாத. இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் ஒண்ணு போட்டிருவேன்."

"நீ போடுவ மக்கா. எனக்குத் தெரியும். தள்ளு."

அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து பந்தைப் பார்த்தாள். எத்தனையோ பேரின் கையைப் பிடித்து விட்டுக் காட்டிய அந்த இடைவெளிக்குப் பக்கத்தில், புதிய இடைவெளிக்குள் தன் கையை விட்டாள். மீன் செதில் ஒட்டிய கை, வளையலோடு, தாராளமாகப் போயிற்று.

"கோலுதான்," என்றாள்.

"எடியே, உனக்குப் பைத்தியமா?" என்றார் ததேயு.

"இதை இல்லேண்ணு சொன்னா அதுவும் இல்ல ஓய்." அவள் பழைய பந்தைக் காட்டினாள். "ரெண்டும் ஒரே உயரத்தில நிக்குது. ரெண்டுலயும் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில ஒரே கைதான் போவுது. இண்ணைக்கு நான் பொய் சொன்னா, ஒரு வருசமா ஊரு ஊராப் போயி நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போவும். நம்ம கோலை நம்மளே அழிக்கவா?"

பிறகு ரெஃப்ரியிடம் திரும்பினாள். "தம்பி, மத்தியானம் என் கையால மீன் தின்னீரு. அது பசிக்குப் போட்டது. அதுக்காவக் கண்ணை மூடண்டாம். விசிலை ஊதும்."

அவர் அவளைப் பார்த்தார், கில்டஸைப் பார்த்தார். கில்டஸ் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மைதானத்தின் நடுவட்டத்தை நோக்கி நடந்தான், கோல் வாங்கிய அணியின் ஆள் ஆட்டம் தொடங்க நடப்பது போல. ரெஃப்ரி விசிலை ஊதினார். புதிய பந்து பொத்தென்று கீழே விழுந்து, வலையில் உருண்டு நின்றது. பழைய பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

மீதி நேரத்தில் பாரைத்துறை ஆடிய ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுவார்கள். கில்டஸின் முழங்கால் பேசுவதை நிறுத்தியது. அவன் அடித்தது ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, ஒன்றை ரெக்சன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். ஆனால் கோல் விழவில்லை. மணல்முனை ஜெயித்தது.

பாரைத்துறை சனம் மெற்றில்டாவைச் சுற்றி நின்றது, யாரும் அவள் பக்கத்தில் வரவில்லை. "உன் வாயி கோப்பையைத் தின்னுட்டு," என்றார் ததேயு. அவர் குரல் உடைந்திருந்தது. மெற்றில்டாவுக்கு மாதாவிடம் வைத்த நேர்ச்சை ஞாபகம் வந்தது. ஆனாலும் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய பந்துக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றாள்.

அந்தப் பக்கத்தில் மணல்முனை வெடி வெடித்தது. பெர்க்மான்ஸ் ஆட்டக்காரர்களைக் கோப்பையைச் சுற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்திலிருந்து கோலி ரெக்சன் மட்டும் விலகி, கையுறையைக் கழற்றிக்கொண்டே, முழு மைதானத்தையும் கடந்து கிழக்குப் போஸ்டை நோக்கி நடந்துவந்தான்.

"லேய் ரெக்சா! எங்கல போற? போட்டோ எடுக்கணும், இஞ்ச வா!" என்று முதலாளி கூப்பிட்டார்.

அவன் திரும்பவில்லை. பாரைத்துறைக் கூட்டம் அவனுக்கு வழி விட்டது. எதற்கு வருகிறான் என்று தெரியாததால் விட்டது. அவன் மெற்றில்டாவுக்கு முன்னால் வந்து நின்றான். அத்தனை பெரிய ஆள், பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பிள்ளை போல நின்றான்.

"எக்கா, போன வருசம் நான் கை வைக்கதுக்கு முன்னாலயே இது கோட்டைத் தாண்டிட்டு. எனக்கு அண்ணைக்கே தெரியும். இது கோலு."

பழைய பந்து இறங்கியது. விழவில்லை, இறங்கியது, ஒரு வருசக் களைப்பு இருந்திருக்கும். ரெக்சன் அதைத் தரையில் படுமுன் கையில் வாங்கினான். கோல் வாங்கிய கோலி என்ன செய்வானோ அதையே செய்தான்: பந்தைத் தூக்கிப் போட்டு, நடுவட்டத்தை நோக்கி ஓங்கி உதைத்தான். அங்கே தனியாக உட்கார்ந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த கில்டஸ் எழுந்து, வெறுங்காலால் அதை மிதித்து நிறுத்தினான். மிதித்த காலை எடுக்காமல், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அதனால் போன வருசக் கோப்பை திரும்பி வரவில்லை. அசோசியேசன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவும் இல்லை, பாரைத்துறை போய்க் கேட்கவும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வெற்றி ஊர்வலத்துக்கென்று மார்த்தாண்டத்திலிருந்து வரவழைத்த பேண்டு செட்டுக்காரர்கள், ஊர் தோற்றதைப் பார்த்துவிட்டு, பெரிய மேளத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டா நேரே அவர்களிடம் போனாள்.

"ஏன் கட்டுதியரு?"

"ஊர்வலம் இல்லியே அம்மா. தோத்துட்டீங்களே."

"ஆரு தோத்தா?" என்றாள் அவள். "அடியும் ஓய்."

மேளக்காரர் தயங்கினார். அப்போது ததேயு, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, உறையைப் பிடுங்கி எறிந்தார். "அவ சொல்லுதால்லியா? அடியும்!"

அடித்தார்கள். கில்டஸைத் தோளில் தூக்கினார்கள். தலைக்குமேல் பிடிக்க அவனுக்குக் கோப்பை இல்லாததால் வெறுங்கையை விரித்துத் தூக்கினான், ஊர் அதற்கும் ஆர்ப்பரித்தது. பங்குச்சாமியார் கோயில் மணியை அடிக்கச் சொன்னார். ஊர்வலம் கோயிலைச் சுற்றி, ஏலக்கூடத்தைச் சுற்றி, வள்ளங்களுக்கு நடுவே புகுந்து, பொழியின் ஓரமாகக் கடற்கரைக்கு இறங்கியது. முன்னால் மெற்றில்டா நடந்தாள், தலை கொஞ்சமும் தாழாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. அக்கரையில் மணல்முனைக்காரர்கள் வெடியைக் கையில் பிடித்தபடி, கொளுத்த மறந்து, கோப்பையை மணலில் வைத்துவிட்டு, இன்றைக்கு எந்த ஊர் ஜெயித்தது என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.